நல்லா இருக்கும்போதே பார்க்க வேண்டிய நோய்: கர்ப்பப்பை வாய்ப் புற்று

என் பெரியம்மாவுக்குத் தீட்டு நின்று எட்டு வருஷம் ஆகியிருந்தது. பல்லடம் பக்கம் தோட்டத்து வீடு, நாலு மாடு, ஐம்பத்தெட்டு வயது. ஒரு மார்கழியில் திரும்பவும் உதிரம் பட ஆரம்பித்தபோது அவர் யாரிடமும் சொல்லவில்லை. உடம்பில் சூடு ஏறிவிட்டது, நின்றது திரும்பிவிட்டது என்று தனக்குத்தானே முடிவு செய்துகொண்டு, வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்து, மாட்டையும் கறந்துகொண்டு ஏழு மாதம் ஓட்டினார். வாடை அடிக்க ஆரம்பித்த பிறகுதான் மருமகளிடம் வாயைத் திறந்தார். கோயம்புத்தூர் கூட்டிப் போனால் மூன்றாவது நிலை என்றார்கள். கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், ஒன்றரை வருஷம் இருந்தார்.

அந்த மார்கழியில் தொடங்கிய நோய் கிடையாது அது. இந்தப் புற்று முளைத்து முற்ற பொதுவாகப் பதினைந்து, இருபது வருஷம் எடுத்துக்கொள்ளும். அப்படியென்றால் அவருக்கு நாற்பது வயது இருக்கும்போது, வீட்டில் கல்யாணம் காதுகுத்து என்று ஓடியாடிக்கொண்டிருந்த காலத்திலேயே, கர்ப்பப்பையின் வாயில் ஒரு சின்ன இடம் மாற ஆரம்பித்திருக்கும். வலி இல்லை, ரத்தம் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தப் பதினைந்து வருஷத்தில் ஏதோ ஒரு நாள் ஒரு நர்ஸ் விளக்கு வைத்துப் பார்த்திருந்தால் அங்கேயே சுட்டு எடுத்திருக்கலாம். எனக்கு இதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

2022ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்குப்படி கர்ப்பப்பை வாய்ப் புற்று புதிதாக வந்த பெண்கள் சுமார் 6.6 லட்சம், இறந்தவர்கள் 3.5 லட்சம். இதில் இந்தியாவின் பங்கு மட்டும் புதிதாக 1.27 லட்சம் பேர், இறப்பு 80,000 அளவில். நோய் வரும் ஐந்து பேரில் ஒருத்தி நம் நாட்டுக்காரி, சாகும் நாலைந்து பேரில் ஒருத்தியும் நம் நாட்டுக்காரிதான். ஒரு நாளைக்கு இருநூறு பேருக்கு மேல் நம் நாட்டில் சாகிறார்கள். நம்மூர் டவுன் பஸ் நாலு நிறைய பெண்களை ஏற்றினால் வரும் எண்ணிக்கை.

இந்த நோய் தானாகவும் கொஞ்சம் குறைந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980களின் தொடக்கத்தில் இருந்து சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்தி வருகிறது. அன்றைக்குப் பெண்களுக்கு வந்த புற்றுகளில் முதல் இடத்தில் இருந்தது கர்ப்பப்பை வாய். இன்று மார்பகப் புற்று அதைத் தாண்டி முன்னே போய்விட்டது, கர்ப்பப்பை வாயின் விகிதம் அப்போது இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பெரிய பரிசோதனைத் திட்டம் எதுவும் அங்கே ஓடுவதற்கு முன்பே இது நடந்தது. பெண்கள் படித்தார்கள், கல்யாணம் தள்ளிப்போனது, ஏழெட்டுப் பிள்ளை என்பது இரண்டாகச் சுருங்கியது, வீட்டுக்குள் தண்ணீரும் கழிப்பறையும் வந்தன. கிராமத்தில் இதெல்லாம் பின்னால் வந்தது, நோயும் அங்கே மெதுவாகத்தான் இறங்குகிறது. இன்று ஐம்பது அறுபது வயதில் இருக்கும் நம் அம்மாக்கள் பலர் பதினாறு, பதினேழில் வாக்கப்பட்டு வந்தவர்கள் என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

சரி, நோய்க்குக் காரணம் என்ன? ஒரு வைரஸ். பெயர் ஹெச்பிவி. ஜெர்மனிக்காரர் ஹரால்ட் சூர் ஹாசன் 1983இலும் 1984இலும் இதன் 16ஆம் வகையையும் 18ஆம் வகையையும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக் கட்டிகளில் கண்டுபிடித்தார், 2008இல் அதற்கு நோபல் பரிசு வாங்கினார். இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கும் இந்தக் குடும்பத்தில் இந்த இரண்டு மட்டுமே நூற்றுக்கு எழுபது கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம். மற்றவற்றில் சில மரு வரவைக்கும், பல ஒன்றுமே செய்யாது.

உடலுறவில் தோலும் தோலும் படும்போது இது ஒட்டிக்கொள்கிறது. இதைச் சொன்னதும் நம் பக்கம் முகம் மாறும். "அப்படியாப்பட்ட குடும்பமா எங்களது" என்பார்கள். தயவுசெய்து இதை ஒழுக்கக் கணக்கில் சேர்க்காதீர்கள். கல்யாணமாகிக் குடும்பம் நடத்தும் பெரும்பாலோருக்கு, ஆணோ பெண்ணோ, வாழ்நாளில் எப்போதாவது ஒரு தடவை இந்த வைரஸ் வந்து போயிருக்கும். சளி மாதிரி. ஒரே புருஷனோடு நாற்பது வருஷம் வாழ்ந்தவருக்கும் வரும். புருஷனுக்கு வைரஸ் இருப்பது அவருக்கே தெரியாது, எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்துவிடும். என் பெரியம்மா கடைசி வரைக்கும் "நான் யாருக்கு என்ன பாவம் பண்ணுனேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்வியை அவர் மனதில் போட்டது அக்கம்பக்கத்துப் பேச்சு.

வைரஸ் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் உடம்பே அதைத் துரத்திவிடுகிறது. மீதிப் பேருக்குத்தான் தங்கிவிடுகிறது. தங்கும் இடம் கர்ப்பப்பை வாயில் ஒரு வளையம். உதட்டில் வெளித்தோலும் உள்சதையும் சேரும் ஒரு கோடு இருக்கிறது பாருங்கள், அதே மாதிரி கர்ப்பப்பையின் வாயிலும் இரண்டு விதமான தோல்கள் சேரும் கோடு உண்டு. வயசுக்கு வந்ததிலிருந்து அந்த இடத்துச் செல்கள் ஒரு விதத்திலிருந்து இன்னொரு விதத்துக்கு மாறிக்கொண்டே இருக்கும். மாறும் செல்தான் வைரஸுக்கு இளக்காரம். அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, செல் தறிகெட்டுப் பெருகாமல் பிடித்து வைக்கும் இரண்டு காவல் புரதங்களைச் செயலிழக்க வைக்கிறது. சின்ன வயதில் கல்யாணம் ஆகிறவர்களுக்கும் நிறையப் பிள்ளை பெற்றவர்களுக்கும் ஆபத்து கூடுவதற்கு இந்த இடத்தின் மாற்றங்களும் ஒரு காரணம். புகை ஒரு காரணம். எச்ஐவி இருக்கும் பெண்களுக்கு ஆபத்து ஆறு மடங்கு, முற்றுவதும் சீக்கிரம்.

காவல் போன செல்கள் உடனே புற்றாவதில்லை. லேசான மாற்றம், நடுத்தரம், தீவிரம் என்று படிப்படியாகப் போகும், பாதி வழியில் திரும்பிச் சரியாகிவிடுவதும் நிறைய. வேறு எந்தப் புற்றும் இவ்வளவு நிதானமாக நமக்கு நேரம் கொடுப்பது அபூர்வம்.

அந்த நேரத்தில் பிடிப்பதற்கு உள்ள வழிகளிலேயே எளியது எதுவென்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். வினிகர். ஊறுகாயில் ஊற்றுகிறோமே, அதில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலம், மூன்றிலிருந்து ஐந்து சதவீதம், தண்ணீரில் கலந்தது. எனக்கு முப்பத்தெட்டு வயதில் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனை செய்தார்கள். ஒரு திரை, மெழுகுத்துணி விரித்த கட்டில், வளைந்த கழுத்துள்ள ஒரு விளக்கு. நர்சம்மா, உள்ளே விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெகுலத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, "மூச்ச நல்லா விடுங்கக்கா, இறுக்காதீங்" என்று சொல்லி உள்ளே வைத்தார். பஞ்சில் அந்தக் கரைசலைத் தொட்டு கர்ப்பப்பை வாயில் ஒற்றினார். லேசான எரிச்சல், அவ்வளவுதான். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் சும்மா நின்றார். மாறிப்போன செல்களில் புரதம் அதிகம், அமிலம் பட்டதும் முட்டையின் வெள்ளைக்கரு வெந்தது போல அந்த இடம் வெளுத்துவிடும். நல்ல இடம் இளஞ்சிவப்பாகவே இருக்கும். எனக்கு வெளுக்கவில்லை. நான் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தபோது, உள்ளே போய் ஐந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது.

இந்த ஐந்து நிமிஷம் உயிரைக் காக்குமா என்று உலகத்துக்கு முதன்முதலில் கணக்குப் போட்டுக் காட்டியது நம் வாசல் பக்கத்து ஊர்தான், இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளியும் முருங்கையும் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு அம்பிளிக்கை தெரிந்திருக்கும். அங்கே உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய சுகாதார மையமும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். மொத்தம் 114 ஊர்த்தொகுதிகள், பாதிக்குப் பரிசோதனை, பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 30 முதல் 59 வயதுப் பெண்கள். பயிற்சி பெற்ற நர்ஸுகளே வினிகர் வைத்துப் பார்த்தார்கள், 31,000க்கும் மேற்பட்ட பெண்கள் வந்து படுத்தார்கள். ஒருவருக்கு ஒரே ஒரு தடவைதான் சோதனை. 2007இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது: ஏழு வருஷத்துக்குள் பரிசோதனை நடந்த ஊர்களில் புற்று 25 சதவீதம் குறைவு, சாவு 35 சதவீதம் குறைவு. 30லிருந்து 39 வயதுக்காரர்களிடம் பலன் இதைவிடப் பெரிசு.

வயது ஏன் முக்கியம் என்றால், மாதவிலக்கு நின்ற பிறகு நான் சொன்ன அந்தக் கோடு மெல்ல உள்ளே ஏறிக்கொள்ளும், வினிகர் வைத்தாலும் கண்ணுக்குப் படாது. முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் பார்ப்பதுதான் பொன்னான காலம். நம் நாட்டு வழிகாட்டுதல் 30 முதல் 65 வரை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறது.

இதைவிடக் கூர்மையான சோதனையும் உண்டு, வைரஸையே நேராகத் தேடும் ஹெச்பிவி சோதனை. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்த ஆய்வில், ஒரே தடவை இதைச் செய்ததில் முற்றிய புற்றும் சாவும் ஏறக்குறைய பாதியாகின, 2009இல் அந்த முடிவு வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனமும் இப்போது இதைத்தான் முதலில் சொல்கிறது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், ஒரு பஞ்சுக்குச்சியை வைத்துப் பெண்ணே தனக்குத்தானே எடுத்துக்கொடுக்கலாம், யார் முன்னாலும் படுக்க வேண்டியதில்லை. செலவும் ஆய்வக வசதியும்தான் தடை. அது ஊருக்கு வரும்வரை வினிகரே போதும்.

இவ்வளவு இருந்தும் யார் போகிறார்கள்? 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்தியா முழுக்க இரண்டு சதவீதம்கூட இல்லை. தமிழ்நாட்டில் பத்து சதவீதம் அளவில். தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் 2007இல் முன்னோட்டமாகத் தொடங்கி மாநிலம் முழுக்கக் கொண்டுபோன வேலையின் பலன் இந்தப் பத்து. பெருமைதான். ஆனால் மீதித் தொண்ணூறு பேர் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

ஏன் போகவில்லை என்று கேட்டால் எல்லாரும் வெட்கம் என்பார்கள். வெட்கம் இருக்கத்தான் செய்கிறது. அதைவிடப் பெரிய காரணம் நான் கண்ணால் பார்த்தவரை நேரம். திருப்பூர் பனியன் கம்பெனியில் காலை எட்டரை மணிக்கு உள்ளே போகும் பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் திறந்திருக்கும் நேரமெல்லாம் ஷிப்ட். ஒரு நாள் லீவு போட்டால் அந்த நாள் சம்பளம் போகும், வாரச் சம்பளக்காரிக்கு அது மளிகைக் கடன். சோமனூரில் தறி ஓட்டுகிறவருக்கும் ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மஞ்சள் பொறுக்குகிறவருக்கும் இதே கதைதான். உடம்பு முடியாதபோதே லீவு கேட்க யோசிக்கும் பெண், ஒன்றும் இல்லாதபோது எப்படிக் கேட்பார்? எங்கள் ஊர் நர்சம்மாவிடம் ஒரு அக்கா நேராகவே கேட்டார்: "ஏனுங் சிஸ்டர், எனக்கு ஒண்ணுமே இல்லீங்களே, அப்புறம் எதுக்குங் பாக்கோணும்?" நர்சம்மா சொன்ன பதில் எனக்கு மறக்காது. "ஒண்ணும் இல்லாதப்பப் பாத்தாத்தானுங் அக்கா, ஒண்ணும் இல்லாமயே வெச்சுக்க முடியும்."

நம் பக்கத்துக் கம்பெனி முதலாளிகளுக்கு இதில் பெரிய வேலை இருக்கிறது என்பது என் கருத்து. கண் சோதனை முகாம் நடத்துகிறார்கள், ரத்த தானம் நடத்துகிறார்கள். வருஷத்தில் இரண்டு நாள் சம்பளம் பிடிக்காமல் பெண் நர்ஸுகளை உள்ளேயே வரவைத்து, ஒரு அறையில் திரை கட்டி இந்தச் சோதனையை நடத்துவது அவர்களுக்கு ஒரு செலவே இல்லை. அரசும் சும்மா இருக்கவில்லை. 2023 நவம்பரில் வீடு வீடாக அழைப்பு கொடுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்யும் திட்டத்தை நான்கு மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியபோது அதில் ஈரோடும் ஒன்று. வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றையும் பார்க்கிறார்கள். சீட்டு உங்கள் வீட்டுக்கு வந்தால் அலமாரியில் செருகி வைத்துவிடாதீர்கள்.

இன்னொரு பழக்கத்தைப் பற்றியும் பேச வேண்டும். வெள்ளை போகிறது என்று போனால் "பிள்ளை பெத்து முடிச்சாச்சுல்ல, கர்ப்பப்பைய எடுத்துரலாம்" என்று சொல்லி நாற்பது வயதுக்குள் எடுத்துவிடுவது நம் ஊர்களில் சர்வசாதாரணமாகிவிட்டது. வெள்ளைப்படுதலில் பெரும்பாலானது சாதாரணக் கிருமித்தொற்று, மாத்திரையில் தீரும். புற்றுக்குப் பயந்து கர்ப்பப்பையை எடுப்பது, ஓட்டில் ஒரு ஒழுக்கு என்பதற்காக வீட்டை இடிக்கிற வேலை. வினிகர் வைத்துப் பாருங்கள் என்று முதலில் கேளுங்கள். அதேசமயம் உறவுக்குப் பிறகு ரத்தம், இரண்டு தீட்டுக்கு நடுவே ரத்தம், தீட்டு நின்ற பிறகு ரத்தம், வாடையோடு போகும் வெள்ளை, இதில் எது இருந்தாலும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஆரம்ப நிலையில் பிடித்தால் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் சிகிச்சையும் கிடைக்கும்.

அடுத்து தடுப்பூசி. இது நம் பிள்ளைகளுக்கு. வைரஸின் மேல்தோடு மட்டும்தான் ஊசியில் இருக்கிறது, உள்ளே விதை கிடையாது, அதனால் அது நோயை உண்டாக்கவே முடியாது. 2006இல் முதல் ஊசி வந்தது. ஆஸ்திரேலியா 2007இல் பள்ளிப் பெண்களுக்குப் போட ஆரம்பித்தது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுதாக ஊசி போட்டுக்கொண்ட தலைமுறையில் கர்ப்பப்பை வாய்ப் புற்று ஒருவருக்குக்கூட வரவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள். வைரஸ் உடம்பைத் தொடுவதற்கு முன்னால் போட வேண்டும், ஒன்பதிலிருந்து பதினாலு வயது என்று சொல்வது அதற்காகத்தான். ஒரே ஊசி போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொல்லிவிட்டது. புனேயின் சீரம் நிறுவனம் செய்த செர்வாவாக் 2023இல் கடைக்கு வந்தது, அப்போது தனியாரில் ஒரு டோஸ் 2,000 ரூபாய் அளவில் இருந்தது. சிக்கிம் 2018லேயே தன் பெண்பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லாருக்கும் போட்டு முடித்தது. தமிழ்நாடு 2025-26 பட்ஜெட்டில் 14 வயதுப் பெண்களுக்குப் படிப்படியாகப் போட 36 கோடி ஒதுக்கியது.

"அந்த ஊசி போட்டுச் செத்துட்டாங்களாமே" என்று வாட்ஸாப்பில் சுற்றுவது 2009-10இல் அன்றைய ஆந்திராவின் (இன்று தெலங்கானா) கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் நடந்த ஒரு ஆய்வைப் பற்றியது. அங்கே பெற்றோரிடம் ஒழுங்காகச் சம்மதம் வாங்கவில்லை, விடுதி வார்டன் கையெழுத்துப் போட்டார், அது பெரிய தப்பு, கோபப்பட நியாயம் இருக்கிறது. ஆனால் இறந்த ஏழு பெண்பிள்ளைகளின் சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணை சொன்னது. பாம்புக்கடி, தண்ணீரில் மூழ்கியது என்று காரணங்கள் வேறு. குழந்தை பிறப்பதற்கும் இந்த ஊசிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஊசி போட்ட பிள்ளையும் முப்பது வயதானால் பரிசோதனைக்குப் போக வேண்டும், ஊசியில் அடங்காத வகைகளும் இருக்கின்றன.

உலகம் 2030க்கு ஒரு இலக்கு வைத்திருக்கிறது: 15 வயதுக்குள் நூற்றுக்கு 90 பெண்பிள்ளைகளுக்கு ஊசி, 70 பெண்களுக்கு 35 வயதுக்குள்ளும் 45க்குள்ளும் தலா ஒரு சோதனை, கோளாறு தெரிந்தவர்களில் 90 பேருக்குச் சிகிச்சை. மூன்றில் கடைசியில்தான் நம் பக்கம் நிறையப் பேர் நழுவுகிறார்கள். அம்பிளிக்கை ஆய்வில் சோதனை செய்த பத்தில் ஒருத்திக்கு வினிகரில் வெளுத்தது. அதில் மிகச் சிலருக்குத்தான் புற்று. ஆனால் "பாசிட்டிவ்" என்ற சொல்லைக் கேட்டதும் பயந்துபோய் அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போகாமலே இருந்துவிடுகிறார்கள்.

என் நங்கைக்கு (அண்ணன் சம்சாரத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) போன வருஷம் அப்படித்தான் வெளுத்தது. சீட்டை மடித்து மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டு மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை, ராத்திரி தூக்கம் கிடையாது. தெரிந்ததும் நானே கூட்டிப் போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் லென்ஸ் வைத்த கருவியில் பார்த்தார்கள், ஒரு நெல்லளவு சதை எடுத்து அனுப்பினார்கள். நடுத்தர மாற்றம், புற்று இல்லை. இன்னொரு நாள் வரச் சொல்லி, சூடான ஒரு முனையை அந்த இடத்தில் வைத்துச் சுட்டார்கள். மயக்க மருந்து இல்லை, தையல் இல்லை, சில நிமிஷ வேலை. ஒரு மாதம் தண்ணீர் மாதிரி போகும், அதுவரை வீட்டுக்காரரோடு சேர வேண்டாம், வருஷம் கழித்து ஒரு தடவை பார்க்கணும் என்றார் டாக்டரம்மா. பஸ்ஸில் வரும்போது நங்கை மணியையே பார்த்துக்கொண்டு வந்தார். நாலு மணிக்குள் வந்துவிட்டோம், சொசைட்டிக்குப் பால் ஊற்ற நேரம் இருந்தது.